தடிக் குழாய் கேட்டு வந்தவர்

நெரெய்தா: நிறுத்துங்கண்ணே, நிறுத்துங்க! அதை எதுக்கு என் பட்டறைக்குள்ள இழுத்துட்டு வர்றீங்க?

அபுந்தியோ: ஏம்மா, குழாய் கொண்டுவந்தா வாசல்லயே மறிக்கிறே?

நெரெய்தா: அது குழாய் இல்ல. தண்ணி பைப்.

அபுந்தியோ: ரெண்டும் ஒண்ணுதானே. நடுவுல ஓட்டை, சுத்தி இரும்பு.

நெரெய்தா: இந்த என்செனாதா ஊர்ல உங்களை மாதிரி இன்னும் நாலு பேர் இப்படித்தான் சொல்லிட்டுத் திரியறாங்க. தண்ணி பைப் தண்ணி ஓடறதுக்கு. வண்டி குப்புற விழுந்தா வெல்டிங் ஒட்டு வாயைப் பொளந்துக்கும்.

அபுந்தியோ: என் மாமனார் கிணத்துல இருவது வருஷம் கிடந்ததும்மா. எங்கயாச்சும் விரிசல் விட்டிருக்கா பாரு.

நெரெய்தா: கிணத்துல கிடந்தப்ப அது மேல வண்டி உருண்டுச்சா?

அபுந்தியோ: ...சரி. வெளியவே போட்டுட்டு வர்றேன்.

நெரெய்தா: வாங்க, காப்பி சூடா இருக்கு. இப்ப சொல்லுங்க, என்ன செய்யணும்?

அபுந்தியோ: என் பிக்கப்புக்கு முன்னாடி ஒரு பம்பர். உள்ள ரோல் கேஜ். நல்லா கனமா, உருண்டாலும் நசுங்காத கூண்டு. சான் பெலிப்பே பாலைவன வண்டிப் பந்தயத்துக்கு.

நெரெய்தா: யாரு... நீங்களா?

அபுந்தியோ: ஏன், நான் ஓடக்கூடாதா?

நெரெய்தா: உங்க பேத்தி ஞானஸ்நானத்தன்னிக்கு பால் வண்டி உங்களை முந்திட்டுப் போச்சுன்னு ஊரே சிரிச்சுதே...

அபுந்தியோ: அந்த பால்காரன் பைத்தியக்காரன். அவனை விடு. எனக்கு அந்த மூலையில இருக்கே, அந்த தடிக் குழாய் வேணும்.

நெரெய்தா: எது, குழாய்ச் சுவரே ஆறு மில்லி தடிமன் இருக்கே, அதா? அது டிராக்டருக்கு வாங்கிப் போட்டது!

அபுந்தியோ: அதேதான். பம்பருக்கும் அது, கூண்டுக்கும் அது.

நெரெய்தா: பம்பருக்கு எதுக்குண்ணே? இதோ இந்த அடுக்குல இருக்கறது போதும். தகட்டை மடிச்சு ஒட்டினது. தடவிப் பாருங்க, நீளத்துக்கும் கோடு தட்டுதா?

அபுந்தியோ: தட்டுது. அதான் வேணாங்கறேன். வெளிய தெரியறதே பம்பர்தான், அங்க போய் மட்டமானதைப் போடுவாங்களா?

நெரெய்தா: எல்லாரும் பண்ற தப்பே இதுதான். அடி வாங்கி நசுங்கறதுக்குத்தாண்ணே பம்பர். அது நசுங்கலைன்னா அடி வண்டியோட சட்டத்துக்குப் போகும், சட்டத்துலேருந்து உங்க முதுகுக்கு வரும். நல்ல குழாய் கூண்டுக்குப் போடணும். இந்தாங்க, இதைப் பிடிங்க.

அபுந்தியோ: வழவழன்னு இருக்கு.

நெரெய்தா: இதுவும் ஒட்டினதுதான். ஆனா ஒட்டினப்புறம் உள்ள அச்சு விட்டு இழுத்திருக்காங்க. சுவர் எங்கயும் ஒரே தடிமன். குறுக்களவு ஒண்ணே முக்கால் இஞ்சு, சுவர் மூணு மில்லி. கூண்டுக்கு இதுக்கு மேல வேணாம்.

அபுந்தியோ: மூணு மில்லியா! என் வீட்டு வாணலியே அதைவிடத் தடி.

நெரெய்தா: உங்க வாணலியை வச்சு யாரும் மணல்மேட்டைத் தாவறதில்ல.

அபுந்தியோ: நீ ஆறு மில்லியே போடு தாயி. எனக்கு நிம்மதியா இருக்கும்.

நெரெய்தா: அண்ணே, கேளுங்க. வண்டி எடையைப் பார்த்துத்தான் கூண்டுக்கு எந்தக் குழாய்னு விதி. நீங்க தடிக் குழாய் போட்டா எடை ஏறும். எடை ஏறினா பந்தயக்காரங்க இன்னும் பெரிய குழாய் கேப்பாங்க. அதைப் போட்டா...

அபுந்தியோ: இன்னும் ஏறும்.

நெரெய்தா: புரியுதில்ல?

அபுந்தியோ: ஏறட்டுமே! ஏறினா வண்டி மெதுவாப் போகும்.

நெரெய்தா: ...ஓட்டப் பந்தயத்துக்கு மெதுவாப் போற வண்டி கேக்கற முதல் ஆளு நீங்கதான்.

அபுந்தியோ: மெதுவான்னா ரொம்ப மெதுவா இல்ல. ஒரு நாப்பது கிலோமீட்டர்.

நெரெய்தா: நாப்பதா? ஆமை கையைக் காட்டிட்டு முந்தும்.

அபுந்தியோ: கூண்டுக் குழாய்க்குள்ள மணல் ரொப்ப முடியுமா?

நெரெய்தா: அண்ணே!

அபுந்தியோ: சும்மா கேட்டேன்.

நெரெய்தா: அதெல்லாம் மறைக்க முடியாது. கூண்டுல ஓரமா சின்னதா ஓட்டை போட்டு வைக்கணும். பந்தயத்தன்னிக்கு வந்து கருவியை விட்டு சுவர் தடிமன் அளப்பாங்க. உங்க ஓட்டையிலேருந்து மணல் கொட்டினா என் மானமே கொட்டும்.

அபுந்தியோ: ஓட்டை வேற போடறியா? பலம் போயிடாது?

நெரெய்தா: பாரம் விழாத இடமாப் பார்த்துப் போடுவேன். எத்தனை கூண்டு கட்டியிருக்கேன்... நீங்க இந்த பரித்தோவைச் சாப்பிடுங்க, ரொட்டிக்குள்ள மாட்டு வத்தலும் முட்டையும் வச்சுச் சுருட்டியிருக்கேன். மூஞ்சியப் பார்த்தா காலையிலேருந்து பட்டினி மாதிரி இருக்கு.

அபுந்தியோ: ஒரு வாரமாவே எதுவும் இறங்கல. நல்லாயிருக்கும்மா... ஆங், இன்னொண்ணு. டிரைவர் சீட்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி வை.

நெரெய்தா: எவ்வளவு?

அபுந்தியோ: ஒரு ஜாண். பெடல் எட்டணும்ல.

நெரெய்தா: ஓ... உங்க கால் சுருங்கிடுச்சா?

அபுந்தியோ: அது... வயசாச்சுல்ல.

நெரெய்தா: கை? கையும் சுருங்கிடுச்சா? ஸ்டியரிங்கைக் கீழ இறக்கணுமா?

அபுந்தியோ: ஆமா, அதையும் கொஞ்சம்... ஏன் சிரிக்கிறே?

நெரெய்தா: சிரிக்கல. சொல்லுங்க. ஹெல்மெட்டுக்குள்ள கொண்டை போட இடம் வேணுமா?

அபுந்தியோ: கண்டுபிடிச்சுட்டே.

நெரெய்தா: உங்க சம்சாரம் மத்தில்தே அக்காதானே?

அபுந்தியோ: வேற யாரு... அம்பத்தி மூணு வயசுல பந்தயம் ஓட்டப் போறாளாம்! பேரைக் கொடுத்துட்டு வந்துதான் எனக்கே சொன்னா.

நெரெய்தா: அக்கா தண்ணி லாரியை மலை மேல இருக்கற பண்ணைக்கெல்லாம் எத்தனை வருஷமா ஓட்டறாங்க. அந்த ரோட்டுல கழுதையே யோசிச்சுத்தான் ஏறும்.

அபுந்தியோ: ஓட்டுவா, நல்லாவே ஓட்டுவா. அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அங்க நூத்து இருவதுல தாவறானுங்க நெரெய்தா. ரெண்டு ராத்திரியா அவ மூச்சு விடறதைக் கேட்டுட்டே படுத்திருக்கேன். எனக்கு எல்லாமே அவதானேம்மா. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?

நெரெய்தா: போகாதேன்னு சொன்னீங்களா?

அபுந்தியோ: சொல்லுவேனா? அந்த விண்ணப்பத்தைக் காட்டறப்ப அவ மூஞ்சியை நீ பார்க்கல. கல்யாணத்தன்னிக்குக் கூட அப்படிச் சிரிக்கல அவ.

நெரெய்தா: அதனால சத்தமில்லாம வண்டியை ஆமையாக்கிடலாம்னு வந்தீங்க.

அபுந்தியோ: ஆமா. தப்பா?

நெரெய்தா: தப்புண்ணே. அங்க மண்ணு மாவு மாதிரி. முன்னாடி போற வண்டி கிளப்பற புழுதியில பின்னாடி வர்றவனுக்கு ஒண்ணும் தெரியாது. அக்கா நாப்பதுல உருட்டுனா முதுகுலயே ஏறிடுவான். முன்னாடி தடி பம்பர் போட்டா மூக்கு கனம். தாவினா மூக்குத்தான் முதல்ல குத்தும். நீங்க பாதுகாப்புன்னு நினைச்சு அடுக்கறதெல்லாம் அக்காவைக் கவுத்துத்தான் விடும்.

அபுந்தியோ: அய்யோ... நான் நல்லதுன்னுதானே...

நெரெய்தா: தெரியும். அதான் உக்கார வச்சுப் பேசறேன்.

அபுந்தியோ: சரி, நீயே சொல்லு. இந்த மூணு மில்லி போதுமா? உன் கூடப்பிறந்தவ உக்காந்தா போடுவியா?

நெரெய்தா: என் அம்மா உக்காந்தாலும் இதேதான். மூலைக்கு மூலை முட்டு கொடுத்து, ஒட்டை நானே என் கையால போடுவேன். வேற யார்கிட்டயும் கொடுக்க மாட்டேன்.

அபுந்தியோ: பம்பர்?

நெரெய்தா: அந்த மட்டமான குழாய்.

அபுந்தியோ: நசுங்கட்டும்.

நெரெய்தா: நல்லா நசுங்கட்டும்!

அபுந்தியோ: அப்பாடா... இப்பத்தான் பரித்தோ தொண்டையில இறங்குது. மத்தில்தேகிட்ட நான் வந்ததைச் சொல்லிடாதே.

நெரெய்தா: நானா சொல்ல மாட்டேன்.

அபுந்தியோ: எப்ப ஆரம்பிப்பே?

நெரெய்தா: அது வந்து... அந்தத் தார்ப்பாயைத் தூக்கிப் பாருங்க.

அபுந்தியோ: எதுக்கு? வேற யாரோட வண்டிக் கூண்டோ... இரு. இது இழுத்த குழாய். மூணு மில்லிதானே?

நெரெய்தா: தடவிப் பார்த்தே சொல்லக் கத்துக்கிட்டீங்களே.

அபுந்தியோ: டிரைவர் சீட்டு முன்னாடி தள்ளியிருக்கு... ஏய், நெரெய்தா!

நெரெய்தா: அக்கா வந்து உங்க பிக்கப் அளவைக் கொடுத்து மூணு வாரம் ஆச்சு. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.

அபுந்தியோ: இவ்வளவு நேரமும் என்னை வச்சு விளையாடினியா? அந்தப் பால் வண்டி, கொண்டை...

நெரெய்தா: நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன். கோவமா?

அபுந்தியோ: கோவமெல்லாம் இல்ல. நல்லாத்தான் கட்டியிருக்கே... ஆமா, இந்த வலப்பக்க சீட்டு ஏன் இவ்வளவு அகலம்? வழி சொல்ல அவ தம்பி நொயேதானே வர்றான்? அவன் குச்சி மாதிரி இருப்பானே. அவனை மாதிரி மூணு பேர் உக்காரலாம் இதுல.

நெரெய்தா: விண்ணப்பத்துல நொயே பேரையே அக்கா எழுதலண்ணே. "ஒருநாள் அந்த மனுஷன் இருக்கறதுலயே தடிக் குழாயைக் கேட்டுக்கிட்டு உன்கிட்ட வருவார், வர்றவரைக்கும் வாயைத் திறக்காதே"ன்னாங்க. "வீரனெல்லாம் பக்கத்துல வேணாம், பயப்படறவர்தான் பள்ளத்தை முதல்ல பார்த்துச் சொல்வார்"னு, நீங்க தூங்கறப்ப டேப்பு வச்சு எடுத்த உங்க இடுப்பளவை இந்தச் சீட்டுக்குக் கொடுத்துட்டுப் போனாங்க.