மேல் பாதையில் போட்ட தழை

என் பெயர் லிபியா, வயது 23, தகப்பனார் பெயர் சிங்கராயர். சொந்த ஊர் ஊத்தங்கரை வட்டம் சிங்காரப்பேட்டை. தற்போது ஓசூரில் சிப்காட் அருகே பெண்கள் விடுதியில் தங்கி, ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். இயற்பியலில் பட்டம் பெற்றிருக்கிறேன். கோவிந்தப்பன் என்பவர் காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைந்ததாகப் போடப்பட்டுள்ள வழக்கில், எனக்குத் தெரிந்ததைச் சொல்ல நானாகவே வந்திருக்கிறேன். வனச்சரக அலுவலர் முன்னிலையில் என் கையாலேயே இதை எழுதித் தருகிறேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஜவளகிரிக்கு அப்பால் மலைமுகட்டின் மேல் போகும் நெடும்பாதையில் ஒரு நாள் நடப்பதற்காகப் போனேன். முழுவதும் நடந்து முடிக்கப் பல நாள் பிடிக்கும் பாதை அது. மலையேறுகிறவர்கள் பாறைகளில் மஞ்சள் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். காப்புக்காட்டுக்கு வெளியே போவதால் அதில் நடக்கத் தடை இல்லை. உடன் வருவதாக இருந்த, என்னோடு வேலை செய்யும் சுவேதாவுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. விடுதி அறையில் நாங்கள் பலர் சேர்ந்து இருப்பதால், ஒரு நாளாவது யாரும் இல்லாத இடத்தில் நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. ஆகவே தனியாகவே கிளம்பினேன். வீட்டில் சொல்லவில்லை.

பஸ் இறங்கிய இடத்தில் மாரம்மா என்பவரின் டீக்கடையில் டீ குடித்தேன். அவர் என் பையைப் பார்த்து, "ஒருத்தியாவா போற? அத்தன பெரிய கம்பெனில கூட வர ஒரு ஆளு கெடைக்கலியா?" என்று கேட்டுச் சிரித்தார். அதன் பிறகு, "வழியில குறுக்கால பச்சத் தழ ஒடிச்சுப் போட்டிருந்தா தாண்டாத பாப்பா. முன்னால போனவங்க யானயப் பாத்துட்டுப் போட்டிருப்பாங்க. இங்க சின்னப் புள்ளகூட அதத் தாண்டாது" என்று சொன்னார்.

அதன் பிறகு முகட்டில் ஏறி நடந்தேன். வெயில் ஏறிய நேரத்தில் எனக்குப் பின்னால் ஒருவர் வருவதைப் பார்த்தேன். லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு போட்டிருந்தார். ஒரு கையில் ஒயர் கூடையும் மறு கையில் கொடுவாளும் இருந்தன. அவர் முதலில் கன்னடத்தில் ஏதோ சொல்லிக் கூப்பிட்டார். அதன் பிறகு தமிழில், "யாரும்மா அது, கொஞ்சம் நில்லு" என்றார். நான் பதில் சொல்லாமல் வேகமாக நடந்தேன். முன்பின் தெரியாதவர்களிடம் பேச எனக்குச் சாதாரணமாகவே வராது. அங்கே வேறு யாரும் இல்லை.

சிறிது தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. மேல் பாதை முகட்டோடு போகிறது. கீழ்ப் பாதை ஓடையில் இறங்கிக் காப்புக்காட்டுக்குள் போகிறது. ஒரு திருப்பத்தில் நான் அவர் கண்ணுக்கு மறைந்திருந்தபோது, பக்கத்துப் புதரில் பச்சைக் கிளை ஒன்றை ஒடித்து மேல் பாதையின் குறுக்கே போட்டேன். அதன் பிறகு மேல் பாதையிலேயே ஏறி, ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். யானை எதையும் நான் பார்க்கவில்லை. அவர் என் பின்னால் வரக் கூடாது என்பதற்காகவே போட்டேன்.

அவர் வந்து தழையைப் பார்த்து நின்றார். தலைத் துண்டை எடுத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். நான் போன பக்கம் பார்த்து இரண்டு தடவை குரல் கொடுத்தார். அதன் பிறகு கீழ்ப் பாதையில் இறங்கிப் போனார். எனக்கு நிம்மதியாக இருந்தது. சாமர்த்தியமாக நடந்துகொண்டதாகவும் நினைத்தேன்.

பிற்பகலில் முகட்டுப் பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கீழே ஓடைப் பக்கம் யானை பிளிறும் சத்தம் கேட்டது. அதற்கு முன் நான் நேரில் கேட்டதில்லை. போனில் பதிவு செய்தேன். அந்தப் பதிவில் என் சிரிப்பும் கேட்கிறது. போனை இத்துடன் ஒப்படைத்துள்ளேன்.

மாலையில் அதே வழியாகத் திரும்பினேன். தழை போட்ட இடத்திலேயே கிடந்தது. வேறு யாராவது ஏமாந்துபோவார்கள் என்று அதை எடுத்துப் புதருக்குள் வீசிவிட்டு, பஸ் ஏறி விடுதிக்குப் போனேன்.

மறுநாள் கேன்டீனில் சுவேதா போனில் வந்த செய்தி ஒன்றைக் காட்டினாள். யானை மிதித்துக் கால் முறிந்து ஓடைக்கரையில் கிடந்தவரின் படம் இருந்தது. அதே துண்டு. "கொடுவாளோட காட்டுக்குள்ள என்ன வேல? கண்ணி வெக்கப் போயிருப்பான். கறி திங்க ஆசப்பட்டா யான சும்மா விடுமா?" என்று அவள் சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அன்றும் அடுத்த நாளும் வேலைக்குப் போனேன்.

நேற்று அரசு மருத்துவமனைக்குப் போய்க் கோவிந்தப்பனைப் பார்த்தேன். அவர் மனைவி நஞ்சம்மா உடன் இருந்தார். நான் யார் என்று கேட்காமலே அவர் பேசினார். "மேல தழ கெடந்துச்சுன்னு இவரு சொல்றாரு. பாரஸ்ட் வாட்சரு போயிப் பாத்துட்டு அங்க ஒண்ணுமே இல்லன்னு எழுதிட்டாரு. மக வீட்டுக்குப் போயிட்டு வந்த மனுசன திருடன்னு சொல்றாங்க" என்றார்.

தழையைப் போட்டதும் எடுத்ததும் நான்தான் என்று அவர்களிடம் சொன்னேன். கோவிந்தப்பன், "ரெண்டு பேராப் பேசிக்கிட்டே போனா அந்தச் சத்தத்துக்கு யான ஒதுங்கிக்கும். அதுக்குத்தான் நில்லுன்னேன்" என்றார். பிறகு, "என்னப் பாத்தா அவ்வளவு பயமாவா இருந்துச்சும்மா?" என்று கேட்டார். நஞ்சம்மா, "இத அவங்க ஆபீசுல வந்து சொல்லுவியா?" என்று கேட்டார். சொல்வதாகச் சொன்னேன்.

கோவிந்தப்பன் வழக்கமாகப் போகும் மேல் பாதையை விட்டுக் காப்புக்காட்டுக்குள் இறங்கியது நான் போட்ட தழையால்தான். வேறு காரணம் இல்லை.

இதனால் என் மீதும் நடவடிக்கை வரலாம் என்று அலுவலர் எடுத்துச் சொன்னார். அதன் பிறகு, கோவிந்தப்பன் என்னைத் துரத்தினாரா, தவறாக ஏதாவது பேசினாரா, பயந்துபோய்ச் செய்ததாக எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். அவர் துரத்தவில்லை. தன் நடையில்தான் நடந்தார். கூப்பிட்டதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. பயந்தது உண்மை. அந்தப் பயம் வரும்படி அவர் எதுவும் செய்யவில்லை என்பதையும் சேர்த்தே எழுத விரும்புகிறேன்.

எழுதி முடித்து நானே ஒரு முறை படித்துப் பார்த்தேன். இதில் கூட்டியதும் குறைத்ததும் இல்லை, அனைத்தும் நடந்தபடியே உள்ளன என்று உறுதி கூறிக் கையெழுத்திடுகிறேன்.

சி. லிபியா