மாதம்மாள் போட்ட முழு மார்க்

சேர்வராயன் மலைச் சிறாரின் சீற்றத்தையும் சிணுங்கலையும் சிரத்தையோடு செவிமடுத்த செம்மனத்தீரே! அடம் என்று ஊர் சொன்னதை அச்சமா, அயர்ச்சியா என்று ஆராய்ந்தறிந்த அருங்குணத்தீரே! எங்கள் சிறார் மனநல மையத்தின் உளவியலாளர் ஹசீனா அம்மையீர்!

ஏற்காட்டுப் பழக்கடைக்காரர் மகளான அம்மையார், பிள்ளைகளின் நடத்தையை மதிப்பிடும் படிவத்தை எவர் நிரப்பித் தந்தாலும் அப்படியே நம்பிவிடமாட்டார். அதில் ஒரு வரி பிள்ளைக்குப் பொருந்தாதென்றால் சுழியம், சில நேரமென்றால் ஒன்று, எப்போதுமென்றால் இரண்டு. எங்களில் யாரேனும் 'எப்போதும் சண்டை போடுகிறான்' என்று இரண்டு இட்டுவிட்டால் தொலைந்தோம்! "எப்பங்க? எங்கங்க? நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று குடைந்தெடுத்துவிடுவார். அந்தக் குடைச்சலுக்குக் காரணம் கொட்டச்சேடு கிராமத்து மாதேஷ்.

வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்று ஆசிரியர் அனுப்பிய சிறுவன் அவன். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் அவன் தாய் மாதம்மாளோ வரிக்கு வரி இரண்டு இட்டிருந்தார். பள்ளியும் வீடும் ஒன்றையே சொல்கின்றன என்று, பையனைச் சேலத்துச் சிறப்புப் பள்ளி விடுதிக்கு அனுப்பும் பரிந்துரை தயாராகிவிட்டது. கையொப்பமிடப் பேனாவைத் திறந்த அம்மையாருக்கு ஏதோ உறுத்தியது. பிறரை அடிக்கிறான் என்பதற்கும் இரண்டு. பிறருக்கு ஓடி உதவுகிறான் என்பதற்கும் இரண்டு! மாதம்மாளை அழைத்துக் கேட்டார்.

"கேள்விய யாருங்க படிச்சா? பள்ளிக்கூடத்துக் காயிதம்னதும் மார்க்குன்னு நெனச்சுட்டனுங்க. ஊட்டுக்காரரு ஒன்னு போடச் சொன்னாருங்க. ஏனுங்க, பெத்த புள்ளைக்கு நானே மார்க்கக் கொறைப்பனுங்களா?"

அம்மையாருக்குச் சிரிப்பு வந்தது. மறுகணமே பரிந்துரைத் தாளைப் பார்த்தார். ஒரு கையெழுத்தில் ஒரு பிள்ளை தாயைப் பிரிந்து மலையிறங்கியிருப்பானே! பேனாவை மூடினார். ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டு வாசித்து, உதாரணம் கேட்டுக்கேட்டுத் தாமே நிரப்பினார். மிஞ்சியது அமைதியின்மை ஒன்றுதான். மாதேஷ் அதே பள்ளியில் இருந்தபடியே பயிற்சி பெற்றான். இன்றும் கொஞ்சம் துறுதுறுதான். அதை யாரும் மறைக்கவில்லை.

பணிநிறைவு காணும் அம்மையீர்! நோய் அணுகாமல், நொடியும் சலிப்பு அண்டாமல், பேரர் பேத்தியரின் பிடிவாதத்தை எந்தப் படிவமும் இன்றி ரசித்து நெடுங்காலம் வாழ்க! தங்களுக்காக நாங்களும் ஒரு படிவம் நிரப்பியிருக்கிறோம். பொறுமை, நேர்மை, கனிவு, ஏன், கோபத்துக்கும்கூட, வரிக்கு வரி இரண்டுதான். எப்பங்க, எங்கங்க என்று இன்று மட்டும் கேட்காதீர்கள். மார்க்கைக் குறைக்க மாதம்மாளுக்கு மனம் வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை.

தங்கள் குடைச்சலுக்கு இனி ஏங்கப்போகும்
மையப் பணியாளர்கள்,
ஏற்காடு.