ஆறு மணிக்கு மணி அடித்துவிடும்

நேரம் தவறாமல் இருப்பது ஒரு பழக்கம்தான். அதைப் பெரிய குணமாக நான் சொல்லிக்கொண்டதில்லை. ஸ்ரீபெரும்புதூர் நேசக்கரச் சங்கத்தின் கூட்டம் வியாழக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் தொடங்கும். தலைவர் மேசைமேல் உள்ள வெண்கல மணியை அடிப்பார். அதற்குப் பிறகு உள்ளே வருகிறவர் யாரானாலும் நின்றபடி ஒரு பாட்டுப் பாட வேண்டும். தாலுகா அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் தேவாரம் பாடியிருக்கிறார். எங்கள் தலைவர், அரிசி ஆலை பாண்டுரங்கன், தலைவராவதற்கு முன்னால் ஒருநாள் தாலாட்டுப் பாடி எல்லாரையும் சிரிக்க வைத்தார். நான் பாடியதே இல்லை. சங்கம் தொடங்கிய 1963 முதல் பதினொரு வருடத்தில் ஒரு கூட்டம் தவறவில்லை, ஒரு நிமிடம் தாமதமில்லை. என் தகப்பனார் காலமானதும் ஒரு வியாழக்கிழமைதான். ஐந்து மணிக்குள் சுடுகாட்டு வேலை முடிந்துவிட்டது. தலைமுழுகிவிட்டு வந்துவிட்டேன்.

மாஜிஸ்திரேட் ஐயா, யாரும் வற்புறுத்தவில்லையே என்று இரண்டு முறை கேட்டீர்கள். இல்லை. போலீசார் காரைப் பற்றி விசாரிக்கத்தான் வந்தார்கள். மற்றதை நானாகச் சொன்னேன். இத்தனை வருடம் செயலாளராக நடவடிக்கைக் குறிப்பு எழுதியவன் நான். பாதி எழுதிய குறிப்பு எனக்குப் பிடிக்காது.

என் பெயர் சுப்பராயன். கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். 1974 ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை, பூந்தமல்லியில் சரக்குப் பார்த்துவிட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். தண்டலம் தாண்டி ஒரு வளைவில், சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு வந்தவர்மேல் கார் இடித்துவிட்டது. இறங்கிப் பார்த்தேன். மண்ணூர் நாகப்பன் என்று பிறகு தெரிந்தது. தலையில் அடி. ஆனால் நினைவு இருந்தது. "தண்ணி" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து மணி முப்பத்தெட்டு.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் ஏழு மணியாகிவிடும். அது பரபரப்பான சாலை, பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எண்ணினேன். அது நியாயமான எண்ணம்தான் என்று இப்போதும் படுகிறது. ஐந்து ஐம்பத்தாறுக்கு என் நாற்காலியில் இருந்தேன். அன்றைய சொற்பொழிவு சாலை விபத்தில் முதலுதவி. நல்ல பேச்சு. பேச்சாளருக்கு நான்தான் நன்றி சொன்னேன்.

நாகப்பன் ஏழு மணிக்கு மேல் இறந்தாராம். அவர் மனைவி செங்கமலத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அடுத்த வாரமே சங்கத்தில் எழுந்து சொன்னேன். காஞ்சிபுரத்திலிருந்து நாடகக் குழுவை வரவழைத்தோம். டிக்கெட்டுகளில் பாதியை என் கடையிலேயே விற்றேன். அந்த வசூலில் புரட்டாசி மாதம் அவருக்குத் தையல் இயந்திரம் வழங்கினோம். அந்த அம்மாள் கும்பிட்டுவிட்டு மெல்லச் சொன்னார்: "மிசின் நல்லா கீது சாமி. ஊசில நூலு கோக்கத்தான் கண்ணு தெர்ல."

அவரோடு கூட வந்தவள் கோவிந்தம்மா. தண்டலம் வளைவில் கூடை வைத்து வேர்க்கடலை விற்கிறவள். நாகப்பன் விழுந்ததைப் பார்த்தது அவள் ஒருத்திதான். போலீசாரிடம், "வெள்ளைச் சட்டை போட்டவரு எறங்கினாரு. மூஞ்சி தெர்ல. கண்ணுல புரை உழுந்துட்ச்சி" என்று சொல்லியிருந்தாள். விழா முடியும் நேரம் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் தலையைச் சாய்த்து என்னையே பார்த்தாள்.

"உன்ன எங்கியோ பாத்தா மாரி கீது சாமி."

"மருந்துக்கடையில் பார்த்திருப்பாய்" என்றேன்.

"நான் இன்னாத்துக்கு மருந்துக்கடைக்கு வர்றேன். ரெண்டு மொளகு போட்டுத் தண்ணி காச்சிக் குட்சா என் காச்சலு ஓடிப்பூடும்" என்று சிரித்தாள்.

மறுவாரம் அவள் கூடை என் கடைக்கு எதிர்ப்புறம் வந்து உட்கார்ந்தது. ஏன் இடம் மாறினாய் என்று கேட்டதற்கு, "அங்க ஒக்கார மனசு வர்ல. நாகப்பன் அங்கதான கெடந்தாரு" என்றாள். காரணம் அது மட்டும்தானா? காலையிலிருந்து மாலைவரை அந்த மங்கிய கண்கள் என் பக்கமே இருந்தன. கிட்டே போகிற ஒவ்வொருவரையும் கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பாள் என்று என் மனைவி ரத்னா சொன்னாள். ரத்னாவுக்கு எல்லாரும் நல்லவர்கள். கார்த்திகை மாதம் கோவிந்தம்மா கடலை மடித்துக்கொண்டே யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது: "பொங்கலுக்கு அப்பறம் மெட்ராசு பெரியாஸ்பத்திரில கண்ண அறுத்துக்கப் போறேன். கண்ணு வந்துட்டா அந்தாள எந்தக் கூட்டத்துலயும் காட்டிக் குடுத்துடுவேன்."

ஆக, அவளுக்குக் கண் சிகிச்சை நடக்கப்போவது உறுதியாகிவிட்டது. எங்கே, யாருடைய பொறுப்பில் என்பது ஒன்றுதான் பாக்கி. அந்த வாரக் கூட்டத்தில் இலவசக் கண் முகாம் நடத்தலாம் என்று யோசனை சொன்னேன். "சுப்பராயா, உனுக்குத்தான்யா இந்த மாரி புத்தி வரும்" என்று பாண்டுரங்கன் என் முதுகில் தட்டினார். ஊர் ஊராகப் போய்த் தமுக்கடிக்க ஏற்பாடு செய்தேன். மணிமங்கலத்திலிருந்துகூட மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு பேர். கோவிந்தம்மாவையும் செங்கமலத்தையும் நானே பெயர் எழுதிச் சேர்த்தேன்.

மார்கழியில் அதே பள்ளிக்கூட மண்டபத்தில் முகாம் நடந்தது. முகாமில் ஒரு நடைமுறை உண்டு. ஒரு கண்ணில்தான் அறுவை என்றாலும் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ஐந்து நாள் மல்லாந்தே கிடக்க வேண்டும். தலைக்கு இருபுறமும் மணல் பை. பேசக்கூடாது, இருமக்கூடாது, தையல் விட்டுவிடும். கட்டுப் போட்ட பிறகு எல்லா முகமும் ஒன்றுதான். கஞ்சி ஊட்டுவதும் சொட்டுமருந்து விடுவதும் சங்க உறுப்பினர்கள் முறைபோட்டுச் செய்த வேலை. மருந்துக்கடைக்காரன் என்பதால் பெண்கள் வரிசையின் காலைச் சொட்டுமருந்து என்னிடம் வந்தது. கோவிந்தம்மா சுவரோரம், வாசலிலிருந்து நான்காவது பாய். முதல் நாள் மாலை எண்ணி வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் முகாமைப் பார்வையிட மாவட்டத்திலிருந்து ஒரு பிரமுகர் வந்தார். அவரை எதிர்கொண்டு அழைக்கத் தண்டலம்வரை போனேன். பிரமுகர் வந்து மாலை வாங்கி, பேசிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு நர்சம்மா காபி குடிக்கப் போனதும் நான்காவது பாய்க்கு அருகில் உட்கார்ந்தேன். கட்டை நெகிழ்த்தி, சங்கம் கொடுத்த மருந்துக்குப் பதிலாக என் சட்டைப்பையில் இருந்த புட்டியிலிருந்து இரண்டு கண்ணிலும் விட்டேன். அந்தப் புட்டி என் கடையின் மேல் தட்டில், இடது மூலையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்.

"எரியும். அசையக்கூடாது" என்று சொன்னேன்.

அந்த அம்மாள் அசையவில்லை. விரல்கள் பாயின் ஓரத்தை மடித்து மடித்துப் பிடித்தன. உதட்டைக் கடித்துக்கொண்டார். சத்தமே வரவில்லை. முகாம் விதிகளை அவ்வளவு சரியாகக் கடைப்பிடித்த நோயாளி வேறு யாரும் இல்லை.

ஐந்தாம் நாள் டாக்டர் வரிசையாகக் கட்டுகளைப் பிரித்தார். நான்காவது பாயில் அவர் கை நின்றுவிட்டது. நர்சம்மாவைக் கூப்பிட்டார். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பாயில் இருந்தவர் பொறுமையாகக் காத்திருந்துவிட்டுக் கேட்டார்:

"சாமி, கட்ட எப்பப் பிரிப்பீங்க?"

குரல் செங்கமலத்தினுடையது.

பாண்டுரங்கனைக் கேட்ட பிறகுதான் விளங்கியது. நான் தண்டலம் போயிருந்த சமயம் அவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். பெண்கள் எல்லாரும் மேடைப் பக்கம் காலை நீட்டிப் படுத்திருந்தார்கள். "பெரிய மனுசன் மூஞ்சிக்கு நேரா கால நீட்டினு கெடந்தா நல்லாவா இருக்கும்? அதான் ஆளுங்கள வுட்டு அப்டியே திருப்பிப் போடச் சொன்னேன்" என்றார். வரிசையையே பாயோடு தூக்கித் திருப்பும்போது கடைசிப் பாய் முதலாகவும் முதல் பாய் கடைசியாகவும் போய், கடைசியிலிருந்து நான்காவதாக இருந்த செங்கமலம் வாசலிலிருந்து நான்காவதாகியிருக்கிறார். மறுநாள் காலை தலைகள் திசை மாறியிருந்ததைப் பார்த்தும் நான் எண்ணிக்கையையே நம்பினேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செயலாளருக்குத் தெரிவிக்காமல் முகாமில் மாறுதல் செய்வது ஒழுங்கீனம். இதைக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

டாக்டர் கிருமி என்று எழுதினார். நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று. பெரிய முகாம்களில் நடப்பதுதான் என்று எல்லாரும் வருத்தப்பட்டார்கள். நானும் வருத்தப்பட்டேன். கோவிந்தம்மாவிடம் மறுபடி முயற்சி செய்ய வழியில்லை. மறுநாளே அவள் தங்கை மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

பங்குனியில், ஒரு வியாழக்கிழமை, கண்ணாடி வழங்கும் விழா. உடல்நலமில்லை என்று வீட்டில் இருந்திருக்கலாம், ரத்னாவும் சொன்னாள். ஆனால் வருகைப் பதிவு பன்னிரண்டாவது வருடத்தில் இருந்தது. கோவிந்தம்மாவின் முறை வந்தபோது மணி ஆறாக இரண்டு நிமிடம். பாண்டுரங்கன் கண்ணாடியை அவளுக்கு மாட்டிவிட்டார். நான் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன்.

தடித்த கண்ணாடிக்குள் அவள் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. என் முகத்தைப் பார்த்தாள், மணிக்கட்டைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு வழி சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"இவருதான். அன்னிக்கி அந்த மனுசன் தண்ணின்றாரு, இவரு இப்பிடித்தான் வாட்ச்ச பாத்துகினு நின்னாரு. மூஞ்சிதான் அப்ப தெர்ல. இந்தக் கைய எனக்குத் தெரியும்."

அந்த வளைவில் அவள் பார்த்தது மங்கலாக ஒரு கை உயர்ந்ததை மட்டும்தான். முகத்தைக் காட்டியது எங்கள் முகாம். சங்கத்தின் வேலை தரமானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பாண்டுரங்கன் மணியில் கை வைத்தபடி நின்றிருந்தார். அன்று மணி ஆறு ஐந்துக்குத்தான் அடித்தது. நான் உள்ளே இருந்ததால் அது என் தாமதம் ஆகாது.

ஆக, நாகப்பனைச் சாலையில் சாக விட்டது நான். அவர் மனைவியின் இரண்டு கண்களையும் போக்கியது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. செங்கமலம் அம்மாள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. நூற்றுப் பதினொரு பேர் இன்று பார்க்கிறார்கள் என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. சங்க விதிப்படி, கொடுத்த உதவிப் பொருள் ஆறு மாதம் பயன்படாமல் கிடந்தால் திரும்பப் பெற்றுத் தகுதியுள்ள வேறொருவருக்குக் கொடுக்க வேண்டும். செங்கமலம் அம்மாளின் தையல் இயந்திரம் மூடி போட்டபடியே இருப்பதாகக் கேள்வி. அதற்கான தீர்மானத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை ஆறு மணிக்குள் கூட்டத்துக்குப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.