எட்டேகால் மணிப் படம்

விருது வாங்கும் நடிகர்கள் மேல் எனக்கு அவ்வளவாக மரியாதை கிடையாது. மேடையேறி, சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, அம்மாவுக்கு நன்றி சொல்லும்போது என்னமாய்க் கண் கலங்குகிறார்கள். அதையே படத்தில் செய்யச் சொன்னால் வராது. காசல் நகரத்துத் திரையரங்கு ஒன்றில் இருபத்தாறு வருஷம் டிக்கெட் கிழித்தவள் நான். எது நடிப்பு, எது மூஞ்சியைச் சுளிப்பது என்று எனக்குத் தெரியும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், செத்துப்போன ஹெட்விக்கின் கையில் தங்கநிற முட்டைக் கிண்ணம் எப்படி வந்தது என்று இந்த விசாரணையில் நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டீர்கள். அது ஒரு விருது.

ஹெட்விக் எங்கள் மாடியிலேயே எதிர் வீட்டுக்காரி. பத்தொன்பது வருஷமாக, ஞாயிற்றுக்கிழமைதோறும் இரவு எட்டு மணிக்கு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் உருளைக்கிழங்கு சாலட் செய்து வைப்பேன், அவள் ரொட்டி கொண்டுவருவாள். எட்டேகாலுக்குத் துப்பறியும் படம் தொடங்கும். எட்டரைக்குள் கொலைகாரன் யார் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதிச் சர்க்கரை ஜாடியில் போட்டுவிட வேண்டும். தோற்றவள் பாத்திரம் கழுவ வேண்டும். வருஷக் கடைசியில் நாங்களே விருதும் கொடுப்போம்: நன்றாக அழுதவருக்கு ஒன்று, நன்றாகப் பொய் சொன்னவருக்கு ஒன்று, நல்ல பிணத்துக்கு ஒன்று. அவித்த முட்டை வைக்கிற கிண்ணத்துக்கு நான்தான் தங்கச் சாயம் அடித்தேன். பிணமாக நடிப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் இமை காட்டிக்கொடுத்துவிடும்.

இத்தனைக்கும் முதல் பதினோரு வருஷம் நாங்கள் "நீங்க, வாங்க" என்றுதான் பேசிக்கொண்டோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன கிளாஸ் இரண்டில் செர்ரி மதுவை ஊற்றி, "போதும், இனிமே என்னை ஹெட்விக்னு கூப்பிடு. நமக்குள்ள என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு?" என்றாள். நம் ஊரில் அதை மூத்தவர்தான் சொல்ல வேண்டும். அவள் என்னைவிட நாலு மாதம் மூத்தவள். அதுவரை என்னிடம் அப்படிச் சொன்னவர் யாருமில்லை. அன்றைக்குப் படத்தில் யார் யாரைக் கொன்றார்கள் என்றே நான் கவனிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை அவள் படிக்கட்டில் காலி அட்டைப்பெட்டிகளோடு ஏறி வந்தாள்.

"புதன்கிழமை வண்டி வருது. பிரேமன் ஊர்ல மக எனக்காகக் கீழ் ரூமைக் காலி பண்ணிட்டா. போன் லைனைக்கூட இன்னைக்கே வெட்டிட்டாங்க."

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

"அங்கேயும் டிவி இருக்குடி. செவுத்து அகலத்துக்கு. பேரப்பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து பாக்கும்."

"அடுத்த மாசம் வோல்க்மாருக்கு வாழ்நாள் விருது குடுக்கிறாங்க. சேர்ந்து பாக்கலாம்னு சொன்னியே?"

வோல்க்மார் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் படத்துப் போலீஸ்காரர். இருபது வருஷமாக அதே கோட்டு.

"அந்தக் கிழவனுக்கு ஒழுங்கா சாகக்கூடத் தெரியாது. அவனுக்கு விருது ஒரு கேடா?" என்று சிரித்தாள். "உனக்கு நடிகருங்க போதும், ரோஸ்வித்தா. எனக்கு மனுஷங்க வேணும்."

கேலியாகத்தான் சொன்னாள். எனக்கும் கேலி புரியும். நானும் சிரித்துவிட்டு, பழையபடி குடும்பப் பெயரைச் சொல்லி, "சரிங்க, திருமதி தீலே. உங்க சௌகரியம்" என்றேன். கொடுத்த "நீ"யைத் திருப்பி வாங்குவது நம் ஊரில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். உங்களுக்குத் தெரியாததா? அவள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அவள் வரவில்லை. பழக்க தோஷத்தில் இரண்டு பேருக்குச் சாலட் செய்திருந்தேன். இரண்டு சீட்டும் நானே எழுதி ஜாடியில் போட்டேன்.

எட்டு முப்பத்தைந்துக்கு வாசல் மணி அடித்தது. எட்டேகாலிலிருந்து ஒன்பதே முக்கால்வரை இந்த நாட்டில் யாரும் யாருக்கும் போன் செய்வதில்லை, யார் வீட்டு மணியையும் அடிப்பதில்லை. உங்கள் அம்மாவும் திறந்திருக்க மாட்டார். நான் எழுந்திருக்கவில்லை. பிறகு கதவில் தட்டும் சத்தம். கைப்பிடி உயரத்தில் இல்லை, தரையை ஒட்டி.

"ரோஸ்வித்தா, நெஞ்சை அடைக்குது. போன் பண்ணு."

நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள், "திருமதி ரோலஃப், தயவுபண்ணித் திறங்க" என்றாள். அதுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது. நான் கோபத்தில் சொன்னது. அவள் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டுமா? டிவி சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டினேன். கீழ்வீட்டுக்காரர் சொன்னதுபோல ஆறு புள்ளி இல்லை. இரண்டுதான்.

ஒன்பதே முக்காலுக்குப் படம் முடிந்தது. பெயர்கள் ஓடி முடிகிறவரை நான் எழுந்திருப்பதில்லை. திரையரங்கில் வேலை பார்த்தவர்களுக்கு அது ஒரு மரியாதை. தட்டைக் கழுவி வைத்தேன். அதன் பிறகு கதவைத் திறந்தேன். அவள் அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததால், தலை வாசலைத் தாண்டி என் செருப்பின் மேல் வந்து விழுந்தது. வெகுநேரம் அவள் இமையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவே இல்லை. இத்தனை வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை. உள்ளே போய் முட்டைக் கிண்ணத்தை எடுத்துவந்து அவள் கையில் வைத்தேன். பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஒன்பது மணிக்குள் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்ற மருத்துவர் அறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். நான் மறுக்கவில்லை. படத்தில் மூழ்கிப்போனதாக முதல் நாள் சொன்னேன் அல்லவா, அதை மட்டும் அடித்துவிடுங்கள். தொலைக்காட்சிக்காரர்களிடம் விசாரித்தால் எப்படியும் தெரிந்துவிடும். அன்று போட்டது பழைய படம். நான் நாலாவது முறையாகப் பார்த்தேன். தோட்டக்காரன்தான் கொலைகாரன் என்று மணி அடிப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். இரண்டு சீட்டிலும் அவன் பெயரைத்தான் எழுதியிருந்தேன், ஹெட்விக்கும் தோற்க வேண்டாம் என்று.

நேற்று நான் அழுததை, செய்ததை நினைத்து வருந்துகிறார் என்று எழுதிக்கொண்டீர்கள். அதையும் திருத்த வேண்டும். உடலை மகள் பிரேமனுக்கு எடுத்துப்போகிறாள் என்று நீங்கள் சொன்னீர்கள் இல்லையா, அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இங்கே கல்லறைத் தோட்டம் நாலாம் எண் டிராமில் இரண்டே நிறுத்தம். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு எட்டு மணிக்குள் திரும்பிவிடலாம். அந்தப் பெண்ணிடம் நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். ஹெட்விக்கை இங்கேயே விட்டுவிடட்டும். அதற்காகத்தானே நான் கதவைத் திறக்காமல் இருந்தேன்.