காதுல விழுதா

— அப்ப அந்த மூணரை வருஷம் நீங்க எந்தக் கம்பெனிலயும் இல்ல.

— இல்ல சார்.

— குருராஜ்னே கூப்பிடுங்க. இந்த ஆபீஸ்ல யாரும் சார் போடறதில்ல.

— சரி சார்.

— அதை விடுங்க. உங்க பயோடேட்டாவுல அந்த இடத்துல ஒரே ஒரு வரி இருக்கு. 'சொந்த ஆப். பேரு: காதுல விழுதா. அறுபத்தொரு வெர்ஷன். யூசர்: ஒண்ணு.' ஒரு கோடியா, ஒரு லட்சமான்னு பாத்தேன். பக்கத்துல எதுவும் போடல.

— ஒருத்தர்தான் சார். டைப் பண்ணும்போது விட்டுப் போகல.

— தேஜஸ்வினி மேடம், நாங்க பஸ் டிக்கெட் விக்கிறவங்க. யுகாதிக்கு ரெண்டு நாள் முன்னாடி சாயங்காலம் மட்டும் நாப்பது லட்சம் பேர் ஒரே நேரத்துல எங்க ஆப்பைத் திறப்பாங்க.

— தெரியும். அந்த நாப்பது லட்சத்துல நானும் உண்டு. ஹாசனுக்கு சீட் பாக்கணும்னா சீட் வரிசைப் படம் வர்றதுக்கு ஏழு செகண்டு ஆகுது.

— ஆறு.

— என் ஃபோன்ல ஏழு.

— எழுதிக்கிறேன். நீங்க என்னை சார்னு கூப்பிடறீங்க, ஆனா பயப்படற மாதிரி தெரியல.

— பயந்து பயந்து பதினாலு இன்டர்வியூ போய்ட்டு வந்தாச்சு சார். எல்லாரும் இந்த வரிகிட்ட வந்ததும் சிரிப்பாங்க. அப்புறம் 'சொல்லி அனுப்பறோம்'பாங்க. நெஜமா சொல்றேன், இதுதான் கடைசி. இதுவும் இல்லேன்னா ஹனுமந்தநகர்ல எங்க பேக்கரி இருக்கு, கல்லாவுல போய் உக்காந்துட வேண்டியதுதான். அண்ணி ஏற்கெனவே சாவியை ஆட்டிக் காட்டிட்டாங்க.

— உங்க பயோடேட்டாவை எங்க ஆளுங்க மூணு தடவை ஓரமாத் தள்ளிட்டாங்க. நான்தான் வெளிய எடுத்தேன்.

— ஏன் சார்?

— சொல்றேன். மொதல்ல நீங்க சொல்லுங்க. யாரு அந்த ஒருத்தர்?

— எங்கண்ணா. சிதானந்தா. நாப்பத்தாறு வயசு, நூத்தியெட்டு கிலோ, பேக்கரில நின்னா தெருமுனை வரைக்கும் கேக்கற தொண்டை. கேக் வாங்க வர்றவங்களைவிட அவன்கிட்ட வம்பு வாங்க வர்றவங்கதான் ஜாஸ்தி.

— என்ன ஆச்சு அவருக்கு?

— நரம்பு நோய். மொதல்ல நாக்குதான் குழறிச்சு. காலைலயே தண்ணி போட்டுட்டான்னு ஊரு பேசிச்சு. பெரிய ஆஸ்பத்திரில பாத்துட்டு, ஆறு மாசத்துல பேச்சு போயிடும், அப்புறம் கை காலு, அப்புறம் மூச்சுன்னு ஒரு பொண்ணு டாக்டர் சொன்னாங்க. அவங்க கண்ணுலயே தண்ணி. அண்ணாதான் அவங்களைத் தேத்தினான். 'அழாதீங்கம்மா, காரா பன் அனுப்பறேன்'னான்.

— அப்பதான் வேலையை விட்டீங்க.

— அன்னிக்கு சாயங்காலமே.

— பேச்சு போனவங்களுக்குக் கன்னடத்துல வேற ஆப் எதுவும் இல்லையா?

— தேடினோம். ஒண்ணு ரெண்டு இருந்துச்சு. ஆனா குரலு? மெஜஸ்டிக் ஸ்டேஷன்ல ரயில் லேட்டுன்னு சொல்லுமே ஒரு அம்மா, அந்த மாதிரி. அண்ணா கேட்டுட்டு, 'இந்தக் குரல்ல தண்ணி கேட்டா எனக்கே குடுக்கத் தோணாதுடி'ன்னான். அதான், பேச்சு இருக்கும்போதே அவன் குரலைப் பிடிச்சு வெச்சிட்டோம். இருநூத்திப் பதினாலு வாக்கியம்.

— எங்க பிடிச்சீங்க? ஸ்டுடியோவா?

— எங்க பேக்கரி கிட்டங்கி சார். சுத்தி மைதா மூட்டை அடுக்கியிருக்கும். எதிரொலியே வராது.

— பின்னாடி ஒரு உறுமல் கேக்குதே.

— அது அடுப்பு ஃபேன். அதை நிறுத்தினா பன் கருகிடும்னு விடமாட்டேன்னுட்டான். சார், ஒரு நிமிஷம். உங்களுக்கு எப்படித் தெரியும்?

— இறக்கிப் பாத்தேன். ஆளைக் கூப்பிடறதுக்கு முன்னாடி அவங்க செஞ்சதைப் பாக்கணுமில்ல?

— இதுவரைக்கும் யாரும் பாக்கலையே! அந்தப் பதினாலு பேர்ல ஒருத்தரும். ஓ, அதான். ஸ்டோர்ல போன தடவை எட்டிப் பாத்தப்போ டவுன்லோடு ரெண்டுன்னு காட்டிச்சு. என்னோட பழைய ஃபோனா இருக்கும்னு விட்டுட்டேன். நீங்கதானா அது?

— நான்தான்.

— அப்ப அவன் குரலைக் கேட்டுட்டீங்க.

— கேட்டேன். கேக்கறதை எல்லாம் இப்ப ஒண்ணொண்ணா கேக்கறேன், பதில் சொல்லுங்க. இது இன்டர்வியூதான். ஒரு பட்டனைத் தொட்டா உடனே பேசமாட்டேங்குது. ஏன்?

— கை நடுங்கும் சார். தண்ணிக்குப் போற விரல் வழில நாலு பட்டனைத் தட்டிட்டுப் போகும். அதனால அரை செகண்டு அழுத்தினாதான் கேக்கும்.

— அரை இல்ல. கிட்டத்தட்ட ஒண்ணு.

— ஆமா. கடைசி ரெண்டு மாசம் ஒண்ணாக்கினேன். அவ்வளவு தூரம் கவனிச்சீங்களா?

— அதை விடுங்க. அதே பட்டனை ரெண்டாந்தடவை அழுத்தினா திட்டுது.

— ரெண்டாந்தடவை 'தேஜு! காதுல விழுதா?' மூணாந்தடவை 'செவிட்டுக் கழுதை'. நான் எழுதல சார், அவன் கேட்டான். 'ஒரே மாதிரி மூணு தடவை கேட்டா அது கெஞ்சல்டி, எனக்கு வேண்டாம், கோபம் ஏறணும்'னான். ஆப்புக்குப் பேரும் அவன்தான் வெச்சான். ஸ்டோர்ல போடுன்னு பிடிவாதம் பிடிச்சதும் அவன்தான். பேக்கரிக்கு வர்றவங்க ஃபோனை வாங்கித் தேடிக் காட்டுவான். 'பாரு, என் ஆப்பு!'

— எல்லா வாக்கியத்துலயும் உங்க பேரு இருக்கு.

— வேற யாரைக் கூப்பிடுவான்? அண்ணி கடையில. பசங்க ஸ்கூல்ல. நான்தான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன், லேப்டாப்பை வெச்சிட்டு. தேஜு தண்ணி, தேஜு ஃபேனு, தேஜு திருப்பிப் படுக்க வை. காலைல ஒரு குறை சொல்லுவான், மத்தியானம் நான் புது வெர்ஷன் போடுவேன், சாயங்காலம் ரெண்டு ஸ்டார் குடுப்பான். இருக்கற ஒரே யூசர், ரெண்டு ஸ்டாருக்கு மேல ஏறினதே இல்ல.

— 'நன்றி'க்கு ஒரு பட்டன் இல்லையே. தேடித் தேடிப் பாத்தேன்.

— வெச்சேன் சார். பதிவு பண்ண மாட்டேன்னுட்டான். 'ஒரு நாளைக்கு நாப்பது தடவை உன்கிட்ட நன்றி சொல்லிட்டு நான் உயிரோட இருக்க மாட்டேன்'னான். அதுக்குப் பதிலா வேற ஒண்ணு பேசிக் குடுத்தான். 'தேஜு, சாப்டியாடி?' அதை எப்ப அழுத்தினாலும் நன்றின்னு வெச்சுக்கோன்னான். கடைசி நாள் அதைத்தான் அழுத்தினான். மன்னிச்சிடுங்க சார். இன்டர்வியூல அழக்கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிட்டுதான் வந்தேன்.

— தண்ணி குடிங்க. அவசரமில்ல.

— பதினோரு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் நான் அந்த ஆப்பைத் திறக்கவே இல்ல. ஐகானைப் பாத்தாலே ஃபோனைக் கவுத்து வெச்சிடறேன்.

— ஸ்டோர்லேருந்து மெயில் வந்திருக்குமே.

— வந்துச்சு. புது ஃபோனுக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடு, இல்லேன்னா இந்த மாசக் கடைசில எடுத்துடுவோம்னு. எடுத்துட்டுப் போகட்டும்னு இருக்கேன்.

— யாராவது யூசர் கடிதம் போட்டிருந்தா?

— யூசரே இல்லையே சார்! யூசர் எழுதறதுக்குக் குடுத்த மெயிலும் அண்ணாவோடது, அவன் ஃபோன்லதான் இருக்கு. அதை சார்ஜ் கூடப் போடல.

— சரி. இப்ப ஒரு கேள்வி. ஆப்புல வலிங்கற பக்கத்துல கால், முதுகு, கழுத்துக்குப் பட்டன் இருக்கு. நெஞ்சுக்கு இல்ல.

— 'நெஞ்சு வலிச்சா பட்டனா தேடிட்டிருப்பேன், போய்ச் சேர்ந்துட மாட்டேனா'ன்னான்.

— அவருக்குச் சரி. இன்னொருத்தர் வெச்சிருந்தா? நெஞ்சு வலிக்குது. பட்டன் இல்ல. முதுகு பட்டனை அழுத்தறாங்க. வீட்ல இருக்கறவன் முதுகுக்குத் தைலம் தேய்க்கறான். ஒரு மணி நேரம் தேய்க்கறான்.

— ஐயோ. பிழைச்சாங்களா?

— பிழைச்சிட்டாங்க.

— இது சும்மா கேள்விதானே சார்?

— கேள்விதான். பதில் சொல்லுங்க. 'நெஞ்சு வலிக்குது'ன்னு அதே குரல்ல ஒரு வாக்கியம் வேணும். குரலுக்குச் சொந்தக்காரர் இல்ல. எப்படிப் பண்ணுவீங்க?

— பண்ணலாம். கேளுங்க. 'கால் வலிக்குது'லேருந்து வலிக்குதுங்கறதை வெட்டிக்கலாம். நெஞ்சு வேற ஒரு இடத்துல இருக்கு. காபி லேட்டானா திட்டறதுக்கு ஒண்ணு வெச்சிருந்தான், 'நெஞ்சுல ஈரமே இல்லடி உனக்கு'ன்னு. அதுலேருந்து எடுக்கலாம். ஆனா அது கோபமா இருக்கும், இது முனகலா இருக்கும். ஒட்டினா தெரியும். சத்தத்தைக் கொஞ்சம் தணிச்சு, நடுவுல மூச்சு விடற இடம் குடுத்து, அந்த அடுப்பு ஃபேன் உறுமலை ரெண்டுக்கும் ஒண்ணாப் பரப்பிட்டா ஒட்டினதே தெரியாது. அரை நாள் வேலை.

— அரை நாள்.

— ஆனா என்னால முடியாது சார். வேலை தெரியாம இல்ல. இருநூத்திப் பதினாலையும் உக்காந்து கேக்கணும். அவன் சொல்லாததைச் சொல்ல வைக்கணும். அதுவும் வலிக்குதுன்னு. கை வராது. இதுக்கு மார்க் குறைச்சாலும் பரவாயில்ல.

— மார்க்கைப் பத்திச் சொல்லிடறேன். எனக்கு முன்னாடி இங்க உங்களைக் கேள்வி கேட்ட எங்க ஆளுங்க ரெண்டு பேரும் 'வேலை சுத்தம், உடனே எடுங்க'ன்னு எழுதிட்டாங்க. அதுல என் பங்கு எதுவுமில்ல. வேலை நீங்களா சம்பாதிச்சது. இந்த மூணரை வருஷத்துக்கு மட்டும் காரணம் எழுதி நான் கையெழுத்துப் போடணும். இந்த ஃபாரத்துல நாலு வரி இடம் விட்டிருக்காங்க.

— என்ன எழுதுவீங்க?

— 'யூசர்: ஒண்ணு'ங்கறதை மொதல்ல அடிக்கப் போறேன். அது தப்பு.

— தப்பு இல்ல சார். சத்தியமா ஒருத்தன்தான். பெருசாக் காட்டி வேலை வாங்கிட்டேன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. நீங்க இறக்கிப் பாத்ததை எல்லாம் கணக்குல சேக்காதீங்க.

— ஒரு நிமிஷம். மணி ஒண்ணாயிடுச்சு. வீட்லேருந்து கூப்பிடறாங்க. எங்க அம்மா. எடுக்கலேன்னா விடமாட்டாங்க.

— பேசுங்க சார். நான் வெளிய நிக்கறேன்.

— உக்காருங்க. நீங்களும் கேக்கணும், ஸ்பீக்கர்ல போடறேன். அம்மாவைப் பாத்துக்கறவங்கதான் மொதல்ல பேசுவாங்க. ஹலோ, லலிதம்மா? அம்மா பக்கத்துல வைங்க ஃபோனை.

— தேஜு, சாப்டியாடி?

— சார்! இது எங்கண்ணா. இது... சார், இது அண்ணா குரலு!

— இன்னும் இல்லம்மா. ஒருத்தங்களோட பேசிட்டிருக்கேன். முடிச்சிட்டு சாப்பிடறேன்.

— தேஜு! காதுல விழுதா?

— விழுதும்மா, நல்லா விழுது.

— சார், அவங்க யாரைக் கூப்பிடறாங்க?

— என்னைத்தான் மேடம். பக்கவாதத்துல அம்மாவுக்குப் பேச்சு போச்சு. எட்டு மாசமா எங்க வீட்ல என் பேருதான் தேஜு.