பாறையில் காய்ந்த படகு

“அலோ... யாரு, பெல்வினா? ஏரிக்கரை சாந்தம்மா பேசறேன்... ஆமா, ஆமா, படகு வாங்குன சாந்தம்மா தான்... நான் நல்லாத் தான் கீறேன், என்னை வுடு. நீ செஞ்சு குடுத்த படகு தான் நல்லா இல்ல.”

மலைமேல் ஏரியில் சுற்றுலா வருகிறவர்களைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவதுதான் சாந்தம்மாளுக்கும் அவள் புருஷன் லட்சுமணனுக்கும் பிழைப்பு. ஒடுகத்தூர் பெல்வின் செய்து கொடுத்த இரண்டு மரப்படகுகளில் ஒன்று அவள் காலடியில் வாய் பிளந்து கிடந்தது. கோயில் பிரசாதத்தையே முகர்ந்து பார்த்துத்தான் வாயில் போடுகிறவள் சாந்தம்மாள். இதைச் சும்மா விடுவாளா?

“பலகை பலகையா வுட்டுக்கிச்சுப்பா... ஆமா, ஒட்டு தான்... நல்ல பசை தான் போட்டேன்னு நீ சொல்லுவ. டப்பாவுக்குள்ள இன்னா இருந்துச்சோ, நான் பாத்தனா?... இரு, இரு. ஏங்க, எத்தினி பேரு?”

நடு ஏரியில் இன்னொரு படகைச் செலுத்திக்கொண்டிருந்த லட்சுமணன் நான்கு விரலைக் காட்டினான். தெரிந்தவர்களைச் சும்மா ஏற்றிக்கொள்கிறானோ என்று அவளுக்கு எப்போதும் அவன்மேல் ஒரு கண். அவள் குரல் கேட்டாலே அவன் கை தானாக மேலே போய்விடும்.

“உன்னை இல்ல, எங்க வூட்டுக்காரரைக் கேட்டேன். நீ சொல்லு... சோதிச்சுப் பாக்கணுமா? நானே பாத்துட்டேன். நீ வுட்டுட்டுப் போன, பலகை ஒட்டுன துண்டு ஒண்ணைக் கொதிக்கிற தண்ணில போட்டு கத்தியால நெம்புனேன். கழண்டு வந்துடுச்சு... சூடா இருக்க சொல்ல தான் நெம்புனேன். ஆறுனா இன்னா, ஆறாட்டி இன்னா?... அவ்ளோ சூட்டுல எந்தப் பசையும் எளகுமா? நல்ல கதை.”

“...எங்க வெச்சனா? புளி காயற பாறை மேல தான். கவுத்துப் போட்டு, கறுப்புத் தார்ப்பாய் போத்தி... புளி, சாமை, பலாக்கொட்டை எல்லாம் எங்களுக்கு அங்க தான் காயும். காயவெச்சா தானே பூஞ்சை புடிக்காது... ஆமா, நெழல்ல வெக்க சொன்ன, இல்லன்னு சொல்லல. நெழல்ல மக்கிப்போனா மறுபடி உங்கிட்ட தானே வரணும்? எனக்குத் தெரியாதா உன் கணக்கு?”

“...ம்... வளைச்சு ஒட்டுன பலகை... ம்... ஒட்டு எளகுனா அது நிமிரப் பாக்கும்... அப்புறம் ஆறுனாலும் வுட்டது வுட்டது தானா?... சரி, சரி... பாறையா? வெய்யில்ல கால் வெக்க முடியாது.”

“இன்னொரு படகா? அது எதுக்கு உனக்கு? பேச்ச மாத்தாத... பாத்தேனே, மேல நல்லாத் தான் இருந்துச்சு... அதுவும் தான் காஞ்சுச்சு, அதே பாறைல தான்... ஏம்பா கத்தற?... தண்ணில தான் கீது. ஆளுங்களோட...”

சாந்தம்மாள் ஏரிப் பக்கம் திரும்பினாள். ஏமாற்றுகிறவன் இப்படிப் பதறமாட்டான்.

“ஏங்க, திரும்பி வாங்க. ஏங்க, படகு வுட்டுக்கும்.”

காற்றில் பாதி கரைந்து போன அந்தக் குரலுக்கு லட்சுமணன் சிரித்தபடி நான்கு விரலைக் காட்டினான். அவள் தொண்டை கிழியக் கத்தினாள். இந்த முறை திரும்பிக்கூடப் பார்க்காமல் நான்கு விரலை உயர்த்திவிட்டு, ஆழமான பக்கமாகத் துடுப்புப் போட்டான்.

“பெல்வினு... நான் கத்துனா வெரலத் தான் காட்டறாரு. நான் போன் பண்ணாலும் எடுக்கமாட்டாரு, எண்ணிக்கை கேக்கறேன்னு நெனப்பாரு... நீ பண்ணு. உன்னை நம்புவாரு... அவருக்கு நீச்சல் தெரியாதுப்பா... அப்புறம் திட்டிக்கோ, இப்ப அவருக்குப் பண்ணு. நான் வெச்சுடறேன்.”

போனை அணைத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். தூரத்தில் படகில் போன் அடித்திருக்க வேண்டும். லட்சுமணன் போனைக் காதில் வைத்தான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. படகைக் கரைக்குத் திருப்பினான்.