ரகரத்துக்கு ஒரு வால்

பிலிப்பு மாஸ்டருக்குக் கண்ணாடி துடைக்கத் தெரியாது. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். வியர்வை துடைக்கிற லேஞ்சியை எடுத்து, ஊத்தையை ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, துலங்கிவிட்டது என்று மூக்கில் ஏற்றிக்கொள்வார். படித்தவர்கள் பலர் அப்படித்தான். பார்க்க வேண்டியதைப் பார்க்கமாட்டார்கள், பிறகு பார்த்துவிட்டோம் என்று புத்தகம் எழுதுவார்கள்.

இன்ஸ்பெக்டர் ஐயா, இதை நான் என் கையாலேயே எழுதுகிறேன். உங்கள் பொலிஸ்காரரை எழுதவிட்டால் பெயரிலேயே பிழை விடுவார். நான் சந்தியோகு பெரன். வயது அறுபத்தொன்று. எங்கள் சேமக்காலையில் நாற்பது வருடமாகச் சவக்குழி வெட்டுகிறேன்.

எனக்கு எழுத்து வந்தது நாற்பத்திரண்டு வயதில். கல்லறைகளைத் தேய்த்துக் கழுவிக் கழுவித்தான் படித்தேன். நான் முதன்முதலாகத் தடவி வாசித்த சொல், வேப்பமரத்தடியில் அரைவாசி மண்ணுக்குள் புதைந்து நிற்கும் ஆளுயரக் கல்லில் இருந்தது. அது எங்கள் ஆட்களின் கல் என்று என் அப்பு சொல்லியிருந்தார். வாசித்தேன்: பெரன். என்ன பொருள் என்று தெரியவில்லை. அப்போது கேட்கவும் ஆளில்லை.

போன மாசியில் மாஸ்டர் குறிப்பெழுதும் கொப்பியும் கையுமாக வந்தார். பெரன் என்ற பிரெஞ்சுக் குடும்பப் பெயர் எங்கே பிறந்தது, எங்கள் கரைக்கு எப்படி வந்தது, எங்கெங்கே பரவியது என்று ஆராய்கிறாராம். பிரான்ஸில் இருக்கும் பெரன்கள் ஏழு பேருக்குக் கடிதம் போட்டிருந்தார். ஒருவர் மட்டும் நாயோடு நிற்கும் படம் அனுப்பியிருந்தார். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர்காவற்றுறை, பாசையூர் என்று சைக்கிளில் திரிந்தார். கல் தேய்க்க நானும் பின்னால் போனேன்.

வேப்பமரத்தடிக் கல்லைக் காட்டி, எங்கள் ஆட்களுடையது என்றதும் மாஸ்டர் துள்ளினார்.

"சந்தியோகு, பெரன் எண்டு கிடக்குதடாப்பா. உன்ரை உடம்பிலை பிரெஞ்சுக்காரன்ரை இரத்தம் ஓடுது."

"உண்மையாவோ மாஸ்டர்?"

"கல்லு பொய் சொல்லுமோ? புத்தகத்திலை முதல் பக்கமே உன்ரை படம்தான்."

வீட்டில் என் மனுசி றெஜினாவுக்குச் சொன்னேன். அவள் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. "இஞ்சருங்கோ துரை, பெரனோ பேரனோ, முதலிலை அந்த விறகைக் கொத்தித் தாங்கோ" என்றாள். அவளும் ஒரு கல்தான். ஆனால் ஊர் அப்படி இருக்கவில்லை. துறையடியில் "துரை வாறார்" என்று பகிடி பண்ணினார்கள். பிறகு பகிடி குறைந்தது, துரை என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெருநாளன்று பங்குச் சபைத் தலைவர் எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார். அவருடைய தகப்பனுக்கும் தாய்க்கும் குழி வெட்டியவன் நான். அன்றைக்கெல்லாம் எனக்குக் கதிரை இருந்ததில்லை. அந்தக் கதிரையில் இருந்துகொண்டு அவர்களைப் பார்த்தேன். எவ்வளவு மலிவான சனம் என்று விளங்கியது. ஆனாலும் நான் எழும்பவில்லை.

ஆவணியில் மாஸ்டர் சிரித்துக்கொண்டே சேமக்காலைக்குள் வந்தார்.

"ரெண்டு பேரும் நல்லா ஏமாந்து போனம் சந்தியோகு. பழைய எழுத்திலை மெய்க்குக் குற்றுப் போடமாட்டினம். 'பா' எழுதேக்கை பின்னாலை போடுற அரவுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசமும் இல்லை. ரகரத்துக்குக் கீழை வால் வந்தது பிறகுதான். அப்ப ரெண்டும் ஒரே நேர்க்கோடு. கல்லிலை இருக்கிறது கொம்பு, பானா, ஒரு கோடு, னானா. கோட்டை ரகரம் எண்டால் பெரன். அரவு எண்டால் என்ன?"

பள்ளிக்கூடத்துப் பழக்கம் அவருக்கு விடவில்லை.

"பொன், எடாப்பா, பொன். அந்தக் காலத்துச் சாவுப் பதிவைக் கண்டுபிடிச்சிட்டன். வெள்ளைக்கார ஃபாதர் இங்கிலீசு எழுத்திலை வடிவா எழுதியிருக்கிறார். பொன் எண்டு கூப்பிடுற பொன்னன், குழி வெட்டுறவன். உன்னைப் போலை."

கொப்பியை என் முகத்துக்கு முன்னால் விரித்தார். எனக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியாது. ஆகவே அதில் ஒன்றும் இருக்கவில்லை.

"குழி வெட்டுறவனுக்கு ஆர் மாஸ்டர் கல்லு வைப்பினம்?" என்று கேட்டேன்.

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. கீழை இன்னும் எழுத்திருக்கும். நீ கிண்டிவிடு, புதன்கிழமை வந்து வாசிக்கிறன். புத்தகம் இனி இதுதான். இல்லாத பிரெஞ்சுப் பேர் ஒண்டு பிழையான வாசிப்பிலை பிறந்து பரவின கதை. சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்."

அவருக்கு அது சிரிப்பு. ஆறு மாதம் ஒரு பெயரைத் துரத்தினார், அது இல்லையென்றதும் மற்றதைத் துரத்தப் போகிறார். அவர் வேறு கொப்பி வாங்குவார். எனக்கு வேறு கொப்பி இல்லை.

புதன்கிழமை காலை கல்லின் முகப்பக்கம் நாலடி ஆழத்துக்குக் கிண்டினேன். கல் முன்னால் சாயப் பார்த்தது. பனங்குற்றியொன்றை முட்டுக் கொடுத்தேன். கல்லைக் கழுவினேன். உளியால் ஒரு சின்ன வேலையும் செய்தேன்.

பத்து மணிக்கு மாஸ்டர் வந்து குழிக்குள் இறங்கினார். லேஞ்சியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். எனக்குப் பின்னால் நிற்கிற வேப்பமரமே அவருக்குத் தெரிந்திருக்காது, ஆனால் என் உளி வேலையைக் கண்டுவிட்டார்.

"இதென்ன, ரகரத்துக்குப் புதுசா ஒரு வால்? நீயோ வெட்டினாய்?"

நான் மண் கிண்டிய இரும்பு அலவாங்கைக் கையில் எடுத்தேன்.

"டேய் சந்தியோகு, வால் வைச்சால் வெள்ளைக்காரனாகிவிடுவியோ?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு குனிந்து, விரலை வைத்துக் கீழ் வரியை வாசிக்கத் தொடங்கினார். "வாந்திபேதி வருஷம்..."

அலவாங்கால் முட்டின் அடியில் ஒரு தட்டுத் தட்டினேன். நல்ல முட்டுக்கு ஒரு தட்டுப் போதும். கல் மெதுவாகத்தான் போனது. அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னையல்ல, கல்லைத்தான் பார்த்தார். கடைசிவரைக்கும் ஆளைப் பார்க்கத் தெரியவில்லை.

வெற்றிலை போட்டு முடித்துவிட்டு, ஃபாதரிடம் போய் முட்டு வழுக்கிவிட்டது என்று சொன்னேன். மாஸ்டருக்குக் குழி வெட்டியதும் நான்தான். மூலைகள் நேராக இருந்தன என்று அவருடைய சொந்தக்காரரே சொன்னார்கள்.

மரண விசாரணை அதிகாரி வந்து, கூலியாளின் கவலையீனத்தால் நடந்த விபத்து என்று எழுதினார். ஒரு பெரிய மனுசர், ஐந்து நிமிடத்தில், குழியை எட்டிக்கூடப் பாராமல். அதை நான் நாலு மாதம் பொறுத்தேன். ஐயா, நாற்பது வருடத்தில் நான் கொடுத்த முட்டு ஒன்றாவது வழுக்கியதில்லை. அன்றைக்கும் வழுக்கவில்லை. அதை நான்தான் தட்டினேன், மாஸ்டர் கீழே நிற்கிறார் என்று தெரிந்துகொண்டுதான் தட்டினேன். என் வேலையில் பிழையில்லை என்று திருத்தி எழுதச் சொல்லுங்கள்.

கல்லைத் திரும்ப நிறுத்தியிருக்கிறோம். அடிப்பாதி நொறுங்கிவிட்டது. மேலே பெயர் அப்படியே இருக்கிறது, போய்ப் பாருங்கள், ரகரத்துக்கு வால் இருக்கிறது. மழை கரைத்திருந்ததைத்தான் நான் திருப்பி வெட்டினேன். அடியில் என்ன எழுதியிருந்தது என்று என்னைக் கேட்கவேண்டாம், நான் வாசிக்கவில்லை. வாந்திபேதி வருஷம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைத் தனியாளாய் அடக்கம் பண்ணின பொன்னன் என்று அதில் இருக்கவே இல்லை.